லீட்ஸுக்கு வரும் நான்கு மாணவர்கள், பத்து நாள் தனிமை: முன்கூட்டியே செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

வாசகர் கேள்வி: லீட்ஸில் ஆராய்ச்சி மாணவராக இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். செப்டம்பர் 11, சனிக்கிழமை, தமிழ்நாட்டிலிருந்து நான்கு பேர் முதுகலை படிக்க வருகிறார்கள். இருவருக்குப் பல்கலைக்கழக விடுதி. மற்ற இருவர் நான் இருக்கும் வாடகை வீட்டின் காலி அறைகளுக்கு வருகிறார்கள். எல்லோரும் கோவிஷீல்டு இரண்டு டோஸ் போட்டவர்கள். நான் இங்கேயே இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் காரில் போய் நால்வரையும் அழைத்து வர நினைக்கிறேன். ஒருவர் கொழும்பு வழியாக டிக்கெட் மலிவு என்கிறார். கொரோனாவுக்கான பத்து நாள் தனிமையில் இவர்களுக்கு எப்படி உதவுவது? பெற்றோர்கள் இப்போதே தினமும் எனக்குப் போன் செய்கிறார்கள். (ஆகஸ்ட் 2021-இல் வந்த கேள்வி. பதிலில் உள்ள பயண, விசா விதிகளும் கட்டணங்களும் அன்றைய நிலை; இப்போது பொருந்தாது.)

அன்புள்ள வாசகருக்கு,

கொழும்பு டிக்கெட்டை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கொரோனா ஆபத்தைப் பொறுத்து இங்கிலாந்து நாடுகளைப் பட்டியல் பிரித்திருக்கிறது: சிவப்பு நாட்டிலிருந்து வந்தால் ஓட்டலில் தனிமை, அம்பர் நாட்டிலிருந்து வந்தால் தங்கும் இடத்திலேயே தனிமை. இந்தியா ஆகஸ்ட் 8 அதிகாலை சிவப்புப் பட்டியலிலிருந்து அம்பர் பட்டியலுக்கு மாறியது. இலங்கை இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் இறங்குவதற்கு முந்தைய 10 நாளில் சிவப்பு நாட்டு விமான நிலையம் ஒன்றில் விமானம் மாறியிருந்தாலே, இந்தியாவிலிருந்து கிளம்பியவர் என்ற கணக்கு செல்லாது. அரசு ஏற்பாடு செய்யும் ஓட்டலில் தனிமையில் இருக்க வேண்டிவரும். அதற்கு ஆகஸ்ட் 12 முதல் ஒருவருக்கு 2,285 பவுண்டு. டிக்கெட்டில் மிச்சப்படுத்திய தொகையைப்போலப் பல மடங்கு அங்கே போய்விடும். ஓமான், துருக்கி, பாகிஸ்தான் ஆகியவையும் இப்போது சிவப்புதான். கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன் மூன்றும் இந்தியாவோடு சேர்ந்தே அம்பருக்கு வந்தவை. அந்த வழியில் இந்தச் சிக்கல் இல்லை. பட்டியல் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. அதனால் டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறையும், கிளம்புவதற்கு முந்தைய நாள் இன்னொரு முறையும் அரசின் இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோர்கள் அதிகம் குழம்புவது ஊசி விஷயத்தில். இந்தியாவில் போட்ட கோவிஷீல்டு இரண்டு டோஸை இங்கிலாந்து இப்போதைக்குத் தனிமை விலக்குக்குக் கணக்கில் எடுப்பதில்லை. மருந்து ஒன்றே என்றாலும் விலக்கு, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா ஆகிய இடங்களில் போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும்தான். ஆகவே நால்வரும் முழு 10 நாள் தனிமைக்கும் இரண்டு பிசிஆர் பரிசோதனைகளுக்கும் தயாராகத்தான் வர வேண்டும். சான்றிதழைக் கையில் வைத்திருக்கட்டும், பின்னால் உதவும். அதைக் காட்டி விமான நிலையத்தில் வாதாட வேண்டாம்.

நாள் கணக்கில் தவறுகிறவர்கள் ஏராளம். இறங்கும் நாள் பூஜ்யம். சனிக்கிழமை செப்டம்பர் 11 பூஜ்யம் என்றால் ஞாயிறு 12 முதல் நாள், திங்கள் 13 இரண்டாம் நாள், வியாழன் 16 ஐந்தாம் நாள், ஞாயிறு 19 எட்டாம் நாள், செவ்வாய் 21 பத்தாம் நாள். செவ்வாய் நள்ளிரவு வரை தனிமை. புதன் 22 காலையில்தான் வெளியே வரலாம். முதல் பரிசோதனையை இரண்டாம் நாளிலோ அதற்கு முன்போ எடுக்க வேண்டும். அடுத்ததை எட்டாம் நாளிலோ அதற்குப் பிறகோ எடுக்கலாம். உங்கள் ஆட்களுக்கு எட்டாம் நாள் ஞாயிறாக வருகிறது. ஞாயிறன்று எல்லாத் தபால் பெட்டியிலும் எடுப்பதில்லை. திங்கள் காலை மாதிரி எடுத்து அன்றைய கடைசித் தபாலுக்கு முன் போட்டுவிடுவது நல்லது. எட்டாம் நாள் முடிவு தாமதமானால் பத்தாம் நாள் முடிந்தும் காத்திருக்க வேண்டும். முடிவு வரும்வரை, அல்லது 14 நாள் முடியும்வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை.

ஐந்தாம் நாள் தனியே ஒரு பரிசோதனை செய்து, நெகட்டிவ் வந்தால் முன்கூட்டியே விடுபடும் திட்டமும் இங்கிலாந்தில் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். தனியார் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். அதில் விடுபட்டாலும் எட்டாம் நாள் பரிசோதனை கட்டாயம். முடிவு வருவதற்குள் ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஆகிவிடும். வகுப்புகள் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்குமென்றால், அந்த இரண்டு மூன்று நாளுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்காட்லாந்து, வேல்ஸ் போகிறவர்களுக்கு இந்தத் திட்டமே கிடையாது. கிளாஸ்கோ போகும் நண்பர்கள் சொல்வதை உங்கள் ஆட்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆட்களிடமிருந்து கேட்டு அவர்களும் ஏமாற வேண்டாம்.

இரண்டாம் நாள், எட்டாம் நாள் பரிசோதனைக் கிட்டுகளை விமானம் ஏறுவதற்கு முன்பே பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஆகஸ்ட் 14 முதல் என்.ஹெச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) வழியாக இரண்டும் சேர்த்து 136 பவுண்டு. பரிசோதனை நிறுவனங்களின் பட்டியலில் மலிவு விலை போட்டிருக்கும் தனியார் நிறுவனங்கள் பல உண்டு. அந்த விலைக்குக் கிட்டை நாமே போய் வாங்க வேண்டும் என்றிருக்கும், அல்லது கிட் வந்து சேராது, முடிவு வராது. தனிமையில் இருப்பவர் போய் வாங்க முடியாது. விலை கொஞ்சம் கூடினாலும் வீட்டு வாசலுக்குத் தபாலில் வரும் ஏற்பாட்டையே எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவு எண் இல்லாமல், இங்கிலாந்து வருகிறவர்கள் நிரப்ப வேண்டிய பயணியர் விவரப் படிவத்தை முடிக்க முடியாது.

இந்தப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, தனிமை முகவரியாகப் பல்கலைக்கழகத்தின் பொது முகவரியைப் போட்டுவிடுவது. விடுதியின் பெயர், பிளாட் எண், அறை எண், போஸ்ட்கோடு எல்லாம் வேண்டும். கிட் அந்த முகவரிக்குத்தான் வரும், சோதிக்க வருகிறவரும் அங்கேதான் வருவார். இன்னொன்று, ரோமிங் இல்லாத இந்திய எண்ணைக் கொடுப்பது. தனிமைக் காலத்தில் என்.ஹெச்.எஸ். டெஸ்ட் அண்ட் டிரேஸ் என்ற கொரோனா கண்காணிப்புப் பிரிவிலிருந்து போன் வரும். எடுக்காவிட்டால் நேரில் ஆள் வரும் வாய்ப்பு அதிகம். இலவச சிம் கார்டு நான்கை இப்போதே வரவழைத்து, எண்களை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். சிம்மையும் தபாலில் அனுப்ப நேரமில்லை என்றால் அவர்கள் இறங்கியதும் கையில் கிடைக்கும்படி செய்யுங்கள். போனில் பேசுகிறவர் பணமோ வங்கி விவரமோ கேட்டால் அது மோசடி, உடனே வைத்துவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இந்தியாவில் எடுக்கும் பரிசோதனைச் சான்றிதழைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர் ஆய்வகங்களில் பெயரை இன்ஷியலோடு எழுதிவிடுவார்கள்: எஸ். கார்த்திக். பாஸ்போர்ட்டில் அதே ஆள் கார்த்திக் செல்வராஜ். சில பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் இடம் காலியாகவே இருக்கும். செக்-இன் கவுன்டரில் இருப்பவருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மாதிரி கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டை நீட்டி, அதிலுள்ளபடி முழுப் பெயர், பிறந்த தேதி, மாதிரி எடுத்த தேதி, பரிசோதனைக் கருவியின் பெயர், ஆய்வகத்தின் தொடர்பு விவரம் எல்லாம் ஆங்கிலத்தில் வரும்படி கேட்டு வாங்க வேண்டும். டிக்கெட்டிலும் படிவத்திலும் அதே எழுத்துகள்தான் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கார். நால்வர், ஆளுக்கு இரண்டு பெட்டி, நீங்கள் ஓட்டுநர், ஹீத்ரோவிலிருந்து லீட்ஸுக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். பெட்டிகள் ஏறாது என்பது இருக்கட்டும். நால்வரில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் மூடிய காரில் நான்கு மணி நேரம் ஐந்து பேரும் ஒரே காற்றை மூச்சிழுப்பீர்கள். அதன்பின் வீட்டில் கதவை மூடிவைத்துப் பயனில்லை. போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பல்கலைக்கழகம் பேருந்து ஏற்பாடு செய்திருக்கிறதா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் அம்பர் நாட்டுப் பயணிகள் முகக்கவசத்தோடு ரயிலில் போகலாம். போகும் வழியில் எங்கும் தங்காமல் நேராக அறைக்குப் போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து லீட்ஸ் இரண்டேகால் மணி நேரம். டிக்கெட் இன்னும் எடுக்காதவர் இருந்தால் மான்செஸ்டரில் இறங்கும் விமானத்தைப் பார்க்கலாம். அந்த விமான நிலையத்திலிருந்தே லீட்ஸுக்கு நேரடி ரயில் உண்டு. இரவில் தாமதமாக இறங்கினால் கடைசி ரயில் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள். லீட்ஸ் ஸ்டேஷனிலிருந்து அறைவரை டாக்சி. ஜன்னல் திறந்திருக்கட்டும், பின் சீட்டில் உட்காரட்டும்.

கார் ஓட்டுவதற்குச் செலவாகும் அந்த எட்டு மணி நேரத்தை அறைக்குச் செலவிடுங்கள். அவர்கள் கதவைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் இந்தப் பத்து நாளும் அடங்கியிருக்கிறது. விடுதி அறையில் கட்டில், மெத்தை, மேசை இருக்கும். போர்வையும் தலையணையும் பெரும்பாலும் இருக்காது. செப்டம்பர் நடுவில் லீட்ஸ் இரவு சென்னை மார்கழியைவிடக் குளிர். அன்றிரவு ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு படுத்த பிள்ளைகளுக்கு மறுநாள் தொண்டை வலித்தால், கொரோனாவா குளிரா என்ற பயமே அவர்களைப் பாதி நோயாளி ஆக்கிவிடும். படுக்கைத் தொகுப்பை விடுதியிலேயே முன்பதிவு செய்யலாம், அல்லது ஒரு டூவே (தடித்த போர்வை), தலையணை, விரிப்பு வாங்கி வரவேற்பறையில் அறை எண் எழுதி வைத்துவிடலாம். மூன்று கால் பிளக் அடாப்டர் ஒன்று, கெட்டில் ஒன்று, தெர்மாமீட்டர், கழிவறைத் தாள், சோப்பு, குப்பைப் பை, பாத்திரம் கழுவும் திரவம். பாராசிட்டமால் அவர்களே கொண்டு வரட்டும்.

சாப்பாட்டுக்கு ஒருவருக்குப் பத்து நாள் கணக்கு சொல்கிறேன். அரிசி 2 கிலோ, துவரம்பருப்பு அரை கிலோ, எண்ணெய் 1 லிட்டர், வெங்காயம் ஒன்றரை கிலோ, தக்காளி 1 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, கேரட், பீன்ஸ் அரை அரை கிலோ, முட்டை 12, நான்கு பைன்ட் பால் ஒன்று முதலிலும் ஒன்று ஆறாம் நாளிலும், தயிர் 1 கிலோ, ரொட்டி, வாழைப்பழம், உப்பு, தேயிலை, சர்க்கரை. பொடி வகைகள் ஊரிலிருந்து வரும். நெய், பால்கோவா, இறைச்சி வகைகள் எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று அம்மாக்களிடம் நீங்களே சொல்லுங்கள். பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. சூப்பர்மார்க்கெட் டெலிவரி நேரங்கள் மாணவர்கள் வரும் வாரத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகும். இந்திய கார்டை ஏற்காத தளங்களும் உண்டு. சனிக்கிழமைக்கு ஒன்று, வெள்ளிக்கிழமைக்கு ஒன்று என உங்கள் கணக்கிலிருந்து இரண்டு டெலிவரியை இப்போதே பிடித்து வையுங்கள். பணத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். முதல் இரவுக்குச் சமைக்கத் தேவையில்லாத சாப்பாடு இருக்க வேண்டும். 20 மணி நேரம் பயணம் செய்து வந்தவர் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்.

அடுப்பு என்றதும் ஒன்று. அது இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அடிப்பகுதி அலுமினியமான குக்கர் சூடாகவே ஆகாது. என்ன அடுப்பு என்று விடுதியில் கேட்டுச் சொல்லுங்கள். கடுகும் மிளகாயும் தாளிக்கும் புகையில் அலாரம் அடிக்கும். எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு, அறைப்பக்கக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து தாளிக்க வேண்டும். டிடெக்டரைத் துணியால் மூடக் கூடாது, அது தனிக் குற்றம். தீ அலாரம் அடித்தால் தனிமையில் இருப்பவரும் வெளியே வந்தே ஆக வேண்டும். தனிமைச் சட்டத்தை மீறிவிடுவோமோ என்று பயந்து அறைக்குள் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. முகக்கவசம் போட்டு, கூடுமிடத்தில் மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்று, அனுமதி கிடைத்ததும் அறைக்குத் திரும்பினால் போதும். மருத்துவ உதவிக்காக வெளியே போகவும் தடை இல்லை. கடைக்கு, நடைப்பயிற்சிக்கு, நண்பர் அறைக்குப் போவதுதான் மீறல். அபராதம் 1,000 பவுண்டில் தொடங்கி 10,000 வரை போகும்.

உங்கள் வீட்டு விஷயம் விடுதியைவிடச் சிக்கல். மற்ற வாடகைதாரர்களிடம் இன்றே பேசுங்கள். அவர்கள் சம்மதிக்காமல் எந்த ஏற்பாடும் நிற்காது. சட்டப்படி நீங்கள் யாரும் தனிமையில் இருக்க வேண்டியதில்லை, வந்தவர்கள் மட்டும்தான். குளியலறை இரண்டு இருந்தால் ஒன்றை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஒன்றுதான் என்றால் காலையில் மற்றவர்கள் முடித்த பிறகு அவர்கள் போகட்டும். துடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு வர வேண்டும். துண்டு தனித்தனி. சமையலறைக்கு நேரம் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவர் நுழையாமல் அரை மணி நேரம் ஜன்னல் திறந்திருக்கட்டும். சாப்பிடுவது அவரவர் அறையில். நீங்கள் சமைக்கும்போது இரண்டு பேருக்குச் சேர்த்து வைத்து, தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தட்டினால் சமையலறைக் கூட்டமே பாதி குறையும். ஆனால் மூன்று வேளையும் பத்து நாளும் நீங்களே சமைப்பதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வேளை போதும்.

புதிதாக வந்த இருவரும் ஒரே விமானத்தில்தானே வந்தோம் என்று ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். அதைத் தடுக்க ஒரு காரணம் சொல்லுங்கள், கேட்பார்கள். எட்டாம் நாள் ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தால் அவர் அந்தப் பரிசோதனை நாளுக்கு மறுநாளிலிருந்து 10 முழு நாள் இருக்க வேண்டும். கூட வசிக்கும் மற்றவரும் நெருங்கிய தொடர்பு என்ற கணக்கில் மீண்டும் 10 நாள். ஆகஸ்ட் 16 முதல் தொடர்பில் இருந்தவர்களுக்கு விலக்கு வந்திருக்கிறது, ஆனால் அது இங்கே ஊசி போட்டவர்களுக்குத்தான். உங்களுக்குப் பொருந்தும் (நீங்கள் ஒரு பிசிஆர் செய்துகொண்டால் போதும்), அவர்களுக்குப் பொருந்தாது. விடுதியில் ஒரே பிளாட்டில் சமையலறையைப் பகிரும் இருவருக்கும் இதே கதைதான். யாரோ ஒருவர் பிளாட்டுக்குப் புதிதாக வந்ததாலேயே மற்றவருடைய கணக்கு திரும்ப ஆரம்பிப்பதில்லை, பாசிட்டிவ் வந்தால்தான்.

கிட் வந்ததும் செய்ய வேண்டியதை வீடியோ காலில் கூட இருந்து செய்யவையுங்கள். விடுதியில் பார்சல் வரவேற்பறையில் தங்கிவிடும், போய் எடுக்க அவர்களால் முடியாது. கதவுவரை கொண்டுவந்து தருவார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். மாதிரி எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். கையைக் கழுவி, மூக்கைச் சிந்தி, குச்சியின் பஞ்சு முனையை எதிலும் படாமல் எடுத்து, தாளில் உள்ளபடி தொண்டையின் இரு பக்கமும், பிறகு மூக்கிலும் தேய்க்க வேண்டும். குமட்டல் வந்து பாதியில் விட்டவர்களுக்குத்தான் முடிவு தெளிவில்லை என்று வருகிறது. குழாயில் ஒட்டியிருக்கும் பார்கோடு எண்ணை இணையத்தில் பதிவு செய்த பிறகே உறையை மூட வேண்டும். பதிவு செய்யாமல் அனுப்பிய மாதிரி யாருடையது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது, முடிவும் வராது. பார்கோடைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். உறையை வாங்கி, முன்னுரிமைத் தபால் பெட்டியில், பெட்டியில் எழுதியிருக்கும் கடைசி நேரத்துக்கு முன் நீங்கள் போட்டுவிடுங்கள்.

காய்ச்சல், தொடர் இருமல், வாசனை தெரியாமை வந்தால் எட்டாம் நாளுக்குக் காத்திராமல் என்.ஹெச்.எஸ். இலவசப் பரிசோதனைக்குப் பதிவு செய்யலாம். கொரோனா பரிசோதனையும் சிகிச்சையும் யாருக்கும் கட்டணமில்லை. ரத்த ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 95-ம் அதற்கு மேலும் சரி. 93, 94 காட்டினால் சற்றுப் பொறுத்து மீண்டும் பார்த்து, அப்படியே இருந்தால் 111 (மருத்துவ ஆலோசனை எண்). 92-ம் அதற்குக் கீழும் 999 (அவசர உதவி எண்). மூச்சு வாங்கினால் கருவி என்ன காட்டினாலும் 999.

பெற்றோர்களுக்கு வருகிறேன். அவர்கள் உங்களுக்குப் போன் செய்வது பிள்ளைகளிடமிருந்து தகவல் வராததால்தான். நால்வரின் பெற்றோருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, இந்திய நேரம் இரவு 8.30-க்குப் பிள்ளைகளே தினமும் ஒரு வரி எழுதுவது என்று வையுங்கள். இங்கே அது மாலை 4 மணி. மூன்றாம், நான்காம் நாள்தான் கஷ்டம். முதல் இரண்டு நாள் தூக்கத்திலும் பெட்டி பிரிப்பதிலும் போய்விடும். பிறகுதான் அறை சின்னதாகத் தெரியும். அந்த இரண்டு நாளிலும் நீங்கள் தவறாமல் பேசுங்கள். ‘சாப்பிட்டியா’ என்பதோடு ‘ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின?’ என்றும் கேளுங்கள். பகலெல்லாம் தூக்கம், சாப்பாடு அப்படியே கிடக்கிறது, வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுகிறார் என்றால் பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவுக்கு நீங்களே சொல்லலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். மனம் சோர்ந்தவர்கள் பேசுவதற்கான சமாரிட்டன்ஸ் தொலைபேசி உதவி 116 123 இரவும் பகலும் இலவசம். மாணவர்களுக்கென்றே ஸ்டூடன்ட் ஸ்பேஸ் என்ற இணைய உதவியும் 2020-இலிருந்து இருக்கிறது.

காகித வேலைகளில் பாதியை அறையிலிருந்தே முடிக்கலாம். இறங்கிய மறுநாள் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: வந்துவிட்டேன், இன்ன தேதிவரை தனிமை, விசா எண் இது. வருகை பதிவாகாமல் போனால் விசா சிக்கலாகும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பக்கத்து ஜி.பி. (குடும்ப) மருத்துவரிடம் பதிவு செய்வதை இணையத்திலேயே செய்யலாம். விசாவோடு ஆண்டுக்கு 470 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள், அதன் பயன் பதிவு செய்தால்தான் கைக்கு வரும். பி.ஆர்.பி. (வசிப்பு அனுமதி) அட்டையை 10 நாளுக்குள் வாங்க வேண்டும் என்று விசாக் கடிதத்தில் இருப்பதைப் பார்த்துப் பதறி, தனிமையை மீறித் தபால் நிலையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. தனிமை காரணமாகத் தாமதமானால் அபராதம் கிடையாது. புதன்கிழமை 22 காலை, பாஸ்போர்ட்டையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் வாங்கிக்கொள்ளட்டும். வங்கிக் கணக்குக்கும் அதே அட்டையைக் கேட்பார்கள், அதனால் அன்றைக்கு முதல் வேலை அதுதான்.